கரும்புகை கக்கும் பிக்கப் வண்டியும் ஏர் பில்டரும்

பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றி வரும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் கடலூர் சாலை வழியாக முதலியார்பேட்டையைத் தாண்டியே புதுச்சேரி சந்தைக்குப் போகின்றன. ரயில்வே கேட் திறந்ததும் கிளம்பும் வண்டிகளில் ஒன்றிரண்டு கரும்புகை கக்கும், இழுவையும் இருக்காது. டீசல் பம்பு போய்விட்டது என்று வண்டிக்காரர் முடிவு கட்டிவிடுகிறார். பம்பைக் கழற்றச் சொல்லும் முன் ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பது உத்தமம்.

ஒரு லிட்டர் டீசல் எரிய சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். உண்மையில் இன்ஜின் இதைவிடக் கூடுதலாகவே இழுக்கிறது. இவ்வளவு காற்றோடு வரும் மண்தூள் உள்ளே போனால் ஆயிலோடு கலந்து அரைச்சாந்து போல் லைனரையும் பிஸ்டன் ரிங்குகளையும் தேய்த்துவிடும். பிறகு இன்ஜின் ஆயில் குடிக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். டர்போ உள்ள வண்டியில் அதன் விசிறிச் சக்கரமும் அரிக்கும். தவணை முடியாத வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தால் ஒரு போகத்து வருமானம் அதிலேயே போய்விடும்.

பழைய டிராக்டர்களிலும் பம்புசெட் இன்ஜின்களிலும் உள்ள எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனரை விவசாயிகள் நன்கு அறிவார்கள். காற்று வேகமாக வந்து எண்ணெயின் மேல் திரும்பும்போது தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் மெதுவாக ஓடினால் இந்த வேலை சரியாக நடக்காது. எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதையே இழுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. இதைப் பிக்கப் வண்டிக்கு மாற்றிப் பொருத்த நினைக்க வேண்டாம்.

பிக்கப் வண்டிக்கு மடிப்புக் காகித பில்டரே ஏற்றது. எண்ணெய் தடவிய பருத்தி பில்டரைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பார்கள். காற்று தாராளமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் நுண்தூசியும் கூடுதலாகப் போகும். எண்ணெய் அதிகமானால் புதுமாதிரி வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் கெடும். களத்துமேட்டுக்கும் மண்சாலைக்கும் போகிற வண்டிக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது வண்டியின் கையேட்டில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தால் போதாது. ஓரத்து ரப்பர் மெத்தென்று, வெட்டோ இடைவெளியோ இல்லாமல் இருக்க வேண்டும். போலிச் சரக்கில் காகித மடிப்புகள் குறைவாகவும் கோணலாகவும் இருக்கும். காகிதம் எவ்வளவு நல்லதானாலும் ரப்பர் ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியே போய்விடும். சில வண்டிகளில் உள்ளே இரண்டாவது சிறு பில்டர் உண்டு. அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது தவறு.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? கையேட்டில் உள்ள கணக்கு தார்ச்சாலைக்குச் சரி. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றுகிறவர்கள் அடிக்கடி திறந்து பார்ப்பது அவசியம். அரிசி ஆலைச் சாம்பல் ஏற்றும் வண்டிக்கு இன்னும் கவனம் தேவை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. கைக்கு மாவு போல் இருந்தாலும் இரும்பை அரித்துவிடும்.

அதற்காகத் தினமும் கழற்றித் தட்டவும் கூடாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கம் விழுகிறது; தட்டினால் காகிதமும் கிழியும். டயருக்குக் காற்றடிக்கும் குழாயை முழு வேகத்தில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். மெதுவான காற்றை உட்புறமிருந்து வெளிப்புறமாக அடிக்கலாம். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவவே கூடாது. சுத்தம் செய்த பின் இருட்டான இடத்தில் உள்ளே ஒரு விளக்கை வைத்துச் சுற்றிப் பார்த்தால், ஓட்டை இருக்குமிடத்தில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். அத்தகைய பில்டரை மீண்டும் பொருத்த வேண்டாம்.

புது பில்டர் போட்டுச் சில நாள் ஓடிய பின், இன்ஜினை நிறுத்திவிட்டு, பில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றி உட்புறத்தை விரலால் துடைத்துப் பார்க்கலாம். விரலில் மண் ஒட்டினால் கிளாம்பும் ரப்பர் குழாயும் சரியாக இல்லை என்று பொருள். அவற்றையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.