பூனைக்கு வந்த அசுரப் பசி!

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பது வீட்டுக் கிழப் பூனைதான். வயது பன்னிரண்டு. தட்டை நக்கி முடித்த கையோடு மறுபடியும் காலைச் சுற்றுகிறது. அப்படியொரு பசி! ஆனால் உடம்போ, முதுகெலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகிறது.

"வயிற்றில் பூச்சி" என்கிறார் மாமியார். "திருட்டுப் பூனைக்குத் திருப்தி ஏது?" என்கிறார் வீட்டுக்காரர்.

பூச்சியாகவும் இருக்கலாம், சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம். ஆனால் பத்து வயதைத் தாண்டிய பூனை என்றால் தைராய்டையும் சந்தேகிக்க வேண்டும்.

"பூனைக்குக் கூடவா தைராய்டு?" என்று சிரிக்காதீர்கள். வேலூர் சி. எம். சி. ஆஸ்பத்திரிக்குத் தைராய்டு வைத்தியத்துக்குப் போய் வருகிறவர்கள் நம் உறவிலேயே இருப்பார்கள். பூனைக்கும் அதே சுரப்பி, கழுத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அது மிதமிஞ்சிச் சுரக்கும் இந்த வியாதியை 1979-ல் நியூயார்க் மிருக வைத்தியர்கள் முதன்முதலாக விவரித்தார்கள்.

சுரப்பு அதிகமானால் உடம்பு என்னும் அடுப்பு மளமளவென்று எரிகிறது. விறகு போதாமல் பசி எடுக்கிறது. குடலும் அவசரப்படுகிறது, சத்து உடம்பில் சேருமுன்பே ஆகாரத்தைத் தள்ளிவிடுகிறது. கொழுப்பு சரிவர ஜீரணமாவதில்லை. எனவே மலம் அதிகமாகவும் நாற்றத்தோடும் போகிறது. சில சமயம் பேதி. அவசரமாக விழுங்குவதால் வாந்தி வேறு. கவனிக்காமல் விட்டால், ஓயாமல் படபடக்கும் இதயமே கெட்டுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள். பிறகு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை. நாலு கிலோ மூன்றானால், கால் பங்கு உடம்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம்! உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். அவர் கழுத்தைத் தடவி, கழலை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார், ரத்தத்தையும் சோதிப்பார். மாத்திரையாலேயே பல பூனைகளுக்குச் சுரப்பை அடக்கிவிடலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: மாமியார் சாப்பிடும் தைராய்டு மாத்திரையில் பாதியை ஒடித்துக் கொடுத்துவிடாதீர்கள்! வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சுரப்பு குறைந்தவர்களுக்கான மாத்திரை. அதை இந்தப் பூனைக்குக் கொடுப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதுதான்.

வாயில்லா ஜீவன், பாவம்! பசிக்கிறது என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். ஏன் பசிக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.