மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்!

"ஹெல்மெட் இருக்குக்கா, வண்டியிலதான் மாட்டியிருக்கேன்." ஒரு வருடமாக என் தம்பி சொல்லிவந்த பதில் இது. சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் ஓய்ந்துபோனோம். அதனால் சமீபத்தில் பெங்களூரு போயிருந்தபோது, எதுவும் சொல்லாமல் அவனை நிம்ஹான்ஸ் வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் சுருக்கப் பெயர்தான் நிம்ஹான்ஸ். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஓசூரிலிருந்து போகும் சாலையிலேயே, டெய்ரி சர்க்கிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிகிச்சைக்காகப் போய்வந்த பலருக்கும், உள்ளே பொதுமக்கள் பார்க்க ஒரு மூளை அருங்காட்சியகம் இருப்பது தெரிவதில்லை. நரம்பு நோய்க்குறியியல் துறையில் டாக்டர் எஸ்.கே. சங்கர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மூளைகள்தான் இதற்கு அடித்தளம். பிரேதப் பரிசோதனையின்போது குடும்பத்தாரின் சம்மதத்தோடு பெறப்பட்டவை அவை. அதை நினைத்தாலே உள்ளே குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

முதலில் பார்மலின் வாடை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு 'தொடாதீர்கள்' என்று எழுதிவைக்கிற இடமல்ல இது. விளக்கம் சொல்கிறவர் நமக்குக் கையுறை கொடுத்து, ஒரு நிஜ மனித மூளையை உள்ளங்கையில் வைக்கிறார். ஏறக்குறைய 1.3 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை இதுவே எடுத்துக்கொள்கிறது. பார்மலினில் ஊறியதால் கையில் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. உயிரோடு இருக்கும்போது மூளை இப்படி இருக்காது, ஏறக்குறைய கெட்டித் தயிர் பதத்தில் இருக்குமாம். அதைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

தலையில் அடிபட்டவர்களின் மூளைகள் தனியாக இருக்கின்றன. நாங்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான். வண்டி மோதியதும் தலை சட்டென்று நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் மூளை நிற்பதில்லை. மண்டை ஓட்டின் ஒரு பக்கம் முட்டி, எதிர்ப்பக்கமும் போய் இடிக்கிறது. நெற்றியில் அடி, பின்மண்டைப் பக்கம் காயம் என்று ஆவது இப்படித்தான். சில சமயம் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கும். அடிபட்டவர் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லப்பா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று வண்டியைக்கூட எடுத்துவிடுவார். சில மணி நேரம் கழித்து மயங்கி விழுவார். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அளவுமீறிய தூக்கம், குழறும் பேச்சு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற கசிவு, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்குத் திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகள் கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டை தேவையில்லை. அடிபட்டவர் வெளிமாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும்.

இன்னொரு மூளையில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் செய்த வேலை. நம் நாட்டில் வலிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பன்றிக் கறி சாப்பிட்டால்தான் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். இல்லையாம். புழு உள்ளவரின் மலத்திலிருந்து அதன் முட்டைகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத கை, சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக யார் வயிற்றுக்கும் போகலாம். சுத்த சைவக்காரரும் தப்ப முடியாது. கழிப்பறையும் சோப்பும் மூளையைக் காக்கிற சமாச்சாரம் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

இதோடு சேர்த்து ஒன்று. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் எந்தப் பயனும் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் பக்கத்தில் இருந்தாலே போதும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

பக்கவாதம், மறதி நோய், கட்டி என்று பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. மற்ற விலங்குகளின் மூளைகளும் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பொதுமக்களுக்கான நாள், நேரம், முன்பதிவு விவரங்களை நிம்ஹான்ஸ் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் வழியில் தம்பி அதிகம் பேசவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கும்போது, "பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் போடணும்ல? உன்னோடது எங்கக்கா?" என்றான்.

என்னிடம் இல்லை. பக்கத்துக் கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டுதான் ஏறினேன்.