திராவகத்தில் இரும்பைக் காக்கும் மருந்துச் சரக்குகள்

செஞ்சித் தாலுகாவின் பாறை நிலக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. அந்நீரைச் சொட்டுநீர்க் குழாய்களில் விடுங்கால் சுண்ணாம்புச் சத்து சிறுகச் சிறுகப் படிந்து துவாரங்களை அடைத்துவிடும். அதனைக் கரைக்க உப்புத் திராவகம் எனப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கலந்து செலுத்துவது வழக்கம். திராவகமோ வழியிலுள்ள இரும்புக் குழாயையும் வடிகட்டியையும் சேர்த்தே அரிக்கும். காலாவதியான மாத்திரைகளை அதனோடு சேர்த்தால் இரும்பு கெடாது என்பது மெய்யா என விவசாயிகள் சிலர் வினவுகின்றனர்.

மெய்தான், ஆயினும் அது தோட்டத்திற்குரிய முறையன்று.

சிறிதளவு கரி சேர்ந்த இரும்பே கார்பன் எஃகு. அதனைத் திராவகத்தில் இட்டால் ஹைட்ரஜன் வாயு குமிழிகளாகக் கிளம்ப, இரும்பு கரைகிறது. நைட்ரஜன், கந்தகம் முதலிய அணுக்கள் அமைந்த சில சரக்குகள் இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு திராவகத்தை அணுகவொட்டாமல் தடுக்கின்றன. ஊறுகாயின் மேல் நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுப்பது போன்றதே இது. ஆனால் இப்படலம் கண்ணுக்குப் புலப்படாது.

மருந்துகள் பலவற்றில் இவ்வணுக்கள் உண்டு. ருஷ்ய ரசாயனி பட்லெரோவ் 1859-ல் கண்ட ஹெக்ஸமின், பின்னர் யூரோட்ரோபின் என்ற பெயரில் மூத்திரப்பை நோய்க்கு மருந்தாயிற்று. எஃகின் துருவைத் திராவகத்தில் போக்கும் தொழிற்சாலைகளில் அதுவே காப்புச் சரக்காகவும் பயன்பட்டது. அண்மையில் ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்ஸசின் முதலியவற்றையும் ஆய்வுக்கூடங்களில் சோதித்துள்ளனர். எஃகுத் துண்டை நிறுத்துத் திராவகத்தில் ஊறவைத்து, கழுவி உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். மருந்தின்றி 100 மில்லிகிராம் இழக்கும் துண்டு, மருந்துடன் 10 மட்டும் இழக்குமாயின் காப்பு 90 சதவிகிதம். நம் நாட்டில், 1948-ல் அஸ்திவாரமிட்டு 1953-ல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ந்து வருகிறது.

ஆய்வுக்கூடத்தில் மருந்து கண்ணாடிப் பாத்திரத்தோடு நின்றுவிடும். தோட்டத்திலோ வேரடிக்குச் சென்று மண்ணிற் கலக்கும். கிருமிக்கொல்லி மருந்து மண்ணில் தங்கினால் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடமுண்டு. நாளை நம் குழந்தைக்கும் மாட்டுக்கும் அம்மருந்தே பலிக்காமற் போகலாம். ஹெக்ஸமினோ புளிப்பு நீரில் சிதைந்து பார்மால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளைத் தருவது. (மருந்தாக அது வேலை செய்வதும் இதனாலேயே.) மாத்திரையிற் சேர்ந்த மாவும் பூச்சும், நாம் திறக்கப் பாடுபடும் துவாரங்களையே அடைக்கும் என்பதையும் எண்ணவேண்டும்.

இரும்புப் பாகங்களைத் தாண்டிப் பிளாஸ்டிக் குழாயில் திராவகத்தைச் செலுத்தினால் காப்புச் சரக்கே வேண்டியதில்லை. தண்ணீரில் திராவகத்தை ஊற்றவேண்டுமேயன்றித் திராவகத்தில் தண்ணீரை ஊற்றலாகாது. ரப்பர் கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் அவசியம். குழாயில் திராவகம் தன் வேலையை முடித்தபின், நுனி மூடிகளைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவுக. பாசியைப் போக்கப் பிளீச்சிங் பவுடர் இடுவோர் அதனைத் திராவகத்தோடு சேர்க்கலாகாது. கிளம்பும் குளோரின் வாயு உயிரையே போக்கக்கூடியது. காலாவதியான மருந்துகளைக் கிணற்றிலும் ஏரியிலும் கொட்டாதபடி கிராம அதிகாரிகள் எச்சரிப்பார்களாக.