போம்பாக்காரர்களுக்குப் பழகிப்போயிருக்குமா?

2025 மே 13 காலை. தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி விழாவில் காவல் பணி முடித்து ஈப்போ திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் டிரக்கும் கல் ஏற்றிவந்த லாரியும் மோதின. போலீசார் 9 பேர் இறந்தார்கள். நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 9 அதிகாலை, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்துபோனார்கள். இரண்டுமே நம் பேராக்கில். இப்படிப்பட்ட இடங்களுக்கு முதலில் ஓடுகிறவர்கள் தீயணைப்பு, மீட்புப் பணி செய்யும் போம்பாக்காரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும். அவர்கள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று இன்று கொஞ்சம் பார்ப்போம்.

ஆபத்தைக் கண்டதும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், பசி தெரியாது, கண்ணும் கையும் வேலையில் மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் இது பெரிய உதவி. நிலையத்துக்குத் திரும்பினாலும் வேலை விடாது. குழாயைக் கழுவிக் காயப்போட வேண்டும், வெட்டும் கருவியைத் துடைத்துச் சரிபார்க்க வேண்டும், ரிப்போர்ட் எழுத வேண்டும். ஆம்புலன்ஸில் போனவர் தரையில் கிடக்கும் ரத்தத்தைக் கழுவி, ஸ்ட்ரெச்சரில் புதுத் துணி விரித்து, அடுத்த அழைப்புக்குத் தயாராக வேண்டும். பார்த்ததை நினைக்க நேரம் கிடைப்பது வீட்டில், படுக்கையில்தான்.

முதல் சில நாள் தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடும், பெட்ரோல் வாசனை பட்டாலே அந்த இடம் கண்முன் வந்து நிற்கும். இது நோய் இல்லை. பெரும்பாலோருக்குத் தானே தணியும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் துரத்தி, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் அதை அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தக் கோளாறு என்கிறார்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

இங்கேதான் நாம் எல்லாரும் தவறாக நினைக்கிறோம். "அவங்களுக்கு அதெல்லாம் பழகிப்போயிருக்கும்" என்கிறோம். கை பழகும், உண்மைதான். இருபது வருட அனுபவம் உள்ளவர் கதவை வெட்டும் வேகம் புதியவருக்கு வராது. ஆனால் கண்ட காட்சிகள் கூடக்கூட மனம் பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடுகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மங்கில் பால் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. வேளைக்கு எடுத்து வாளியில் ஊற்றினால் பாலாகவே இருக்கும். விட்டுவிட்டால் மங்கிலேயே உறைந்துபோகும், பிறகு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இருபது வருடம் எதற்கும் அசையாதவர் ஒரு சாதாரண மோட்டார் விபத்தைப் பார்த்து உடைந்துபோனால், காரணம் அந்த ஒரு விபத்து மட்டும் இல்லை.

சரி, உடனே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் தீருமா? 1983இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் அப்படியொரு குழு உரையாடல் முறையை வகுத்தார், உலகெங்கும் பரவியது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னாளில் வரும் கோளாறைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று பிறகு தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழி சொல்கிறது: தண்ணீர், ஓய்வு, பாதுகாப்பு கொடு, அவராகப் பேசினால் கேள், வற்புறுத்தாதே, வேண்டிய உதவியோடு இணைத்துவிடு.

இதை யார் செய்வது? நிலையத்தின் மேலதிகாரியும் பக்கத்தில் நிற்கும் சகாவும்தான். மேலதிகாரிகளுக்கு இதில் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நம் பொதுச் சேவையில் ஊழியர்களையே சகாக்களுக்குத் துணையாகப் பழக்கும் 'அக்ராப்' திட்டமும் உண்டு. ஆனால் உதவி கேட்கும் பயம் போக வேண்டுமே! தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911இலிருந்து இருக்கிறது. இன்றும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறோம். அந்தக் கிண்டலைக் கேட்டு வளர்ந்தவர் எப்படி வாய் திறப்பார்? சொன்னது ரகசியமாக இருக்கும், பதவி உயர்வைத் தொடாது என்ற உறுதியைத் துறை கொடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் எத்தனை ஆலோசகர்களை வைத்தாலும் அவர்கள் அறைக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555. உங்கள் வீட்டில் போம்பாவிலோ போலீசிலோ ஆம்புலன்ஸிலோ வேலை பார்ப்பவர் இருந்தால், இன்றே அவர் கைப்பேசியில் அதைப் பதிந்து கொடுங்கள்.