சொந்த மண்ணின் சுசுகி

தர்மபுரிப் பக்கம் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் இன்று முதலில் கண்ணில் படுவது யமஹா ஆர்.எக்ஸ். 100. டேங்க் ஒருபுறம், எஞ்சின் ஒருபுறம் கிடக்க, பெயின்ட் காய்வதற்காக மட்கார்டுகள் கம்பியில் தொங்கும். தயாரிப்பு நின்ற 1996-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் அதற்காகக் காத்திருப்பவர்களில் அதிகம். “அண்ணா, ஒரிஜினல் சைலன்சர் கிடைக்குமா?” என்று ஆசையாகக் கேட்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொன்னாலும் அசரமாட்டார்கள். அந்த மும்முரத்தைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு வருத்தமும். ஆர்.எக்ஸ். வடக்கே எஸ்கார்ட்ஸ் ஆலையிலிருந்து வந்த வண்டி. இந்த மாவட்டமே பெற்ற ஜப்பான் டூ-ஸ்ட்ரோக் ஒன்று உண்டு. அதைத் தேடுகிறவர்கள் குறைவு.

1984-ல் ஓசூர் தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டைத் தந்த அதே ஓசூரிலிருந்து, நான்கு ஆண்டு கழித்து சுசுகியின் கூட்டில் இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 வெளிவந்தது. இந்திய-ஜப்பான் கூட்டில் வந்த முதல் 100 சி.சி. பைக் அது. ஆர்.எக்ஸ். 100 வந்தது அடுத்த ஆண்டுதான். இரண்டுக்கும் சிலிண்டர் அளவு ஒன்றே: விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., ஆக 98 சி.சி. யமஹா அதிலிருந்து 11 குதிரைத்திறனைக் கறந்தது. சுசுகி அவ்வளவு முறுக்கவில்லை, சாதுவாக ஓடியது. அதனாலேயே இன்றைய ரசிகர்களின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

புல்லட், ராஜ்தூத், எஸ்டி என்று கனமான வண்டிகளையே பார்த்திருந்த ஊருக்கு அந்த நூறு சி.சி. வண்டிகள் பெரிய விடுதலை. ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும். பின்னால் வந்த சுசுகி மேக்ஸ் 100 இருபுறமும் பால் கேன் தொங்கவிட்டு மண் ரோட்டில் ஓடியது. தக்காளிக் கூடையோடு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போனது. பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து ஊற்றத் தனிப் பம்ப் இருந்தது. பிளக்கில் கரி அடைத்தால் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். உழைத்துத் தேய்ந்த பிறகு எடைக்குப் போட்டார்கள். சேர்த்துவைக்க வேண்டிய பொருள் என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

இன்று அதே எஞ்சினைப் பிரிப்பவர்கள் காட்டும் பொறுமை வேறு. சிலிண்டரைப் போர் போட்டு, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். போர் போட்டதும் போர்ட் விளிம்புகளை மழுக்க வேண்டும்; விட்டுவிட்டால் ரிங் அதில் சிக்கி உடையும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் காற்றை இழுத்துத் தள்ளும் பம்ப்தான். ஆகவே சீல்கள் முக்கியம். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும். மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆர்.எக்ஸ். வண்டியில் ஆயிலை அளந்து விடும் பம்ப் உண்டு. பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு டேங்கிலேயே கலந்து ஓட்டினார்கள். இப்போது அந்தப் பம்பைத் தேடி மறுபடி பொருத்துகிறவர்களை மனதார மதிக்கிறேன். சத்தத்துக்காக சைலன்சரை அறுப்பவர்கள்மீது அந்த மதிப்பு இல்லை. அந்தக் குழலின் வடிவம்தான் வெளியேறப் பார்க்கும் புதுக்கலவையைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. அறுத்தால் இழுவையே போய்விடும்.

திருப்பித் தள்ளியும் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகும். இந்த வண்டிகளின் காலத்தை முடித்ததும் அந்தப் புகைதான். 1996 விதி கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடை அனுமதித்தது. 2000-ல் அது 2 கிராமாக இறங்கியது. அந்த விதிகள் நியாயமானவை. புகையைச் சுவாசித்தவர்களும் நாம்தானே. 2001-ல் டி.வி.எஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. முன்பு தர்மபுரி மாவட்டமாக இருந்த அதே நிலப்பரப்பில், ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் இப்போது மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன.

இண்ட்-சுசுகியைப் புதுப்பிக்க நினைத்தால் சிரமம் உதிரிபாகத்தில் தொடங்கும். ஆர்.எக்ஸுக்கு ஸ்டிக்கர் முதல் டேங்க் வரை நகல் செய்து விற்கிறார்கள். சுசுகிக்கு இன்னொரு பழைய வண்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஏ.எக்ஸ். ஒன்றை எடைக்குப் போடுவதற்கு முன், அதன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதில் உள்ளபடியே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 2021-ல் வந்த விண்டேஜ் விதி, பதிவாகி 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் தருகிறது. ஓசூரின் முதல் சுசுகிகளுக்கு அந்த வயது 2034-ல் வரும்.