பிரெஞ்சுச் சொல்லுக்குத் தமிழ்க் கொக்கி

கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர். முள்ளோடையைத் தாண்டினால் பாகூர் கொம்யூன்; பஞ்சாயத்தின் பெயரிலேயே பிரெஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுக்கும் கடலூர்ப் பிள்ளைகள் பலருக்கு அதன் சொற்கள் பரீட்சை முடிந்த கையோடு மறந்துபோகின்றன.

உருப்போடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்தில், தமிழ் படிப்பவர்கள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விலங்கு, மரம், இடம் என்று சொற்களை இனம் பிரித்து விருத்தத்தில் அடுக்குகிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் 11ஆம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. ஓசையைப் பிடித்தால் சொல் தானே வரும்.

பிரெஞ்சுக்கும் ஓசைதான் கொக்கி. ரொட்டிக்குப் பிரெஞ்சில் ஏறக்குறைய ‘பேன்’ என்று மூக்கால் ஒலிக்கும் சொல். ரொட்டியில் பேன் ஊர்வதாக நினைத்துப் பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் மறக்காது. சாவி ‘கிளே’, மரக்கிளையில் சாவிக்கொத்தைத் தொங்கவிடலாம். 1975இல் ஆட்கின்சனும் ராவும் அமெரிக்காவில் இந்த உத்தியை 120 ரஷ்யச் சொற்களில் சோதித்தார்கள். கொக்கி போட்டுப் படித்தவர்கள் 72 சதவீதமும் மற்றவர்கள் 46 சதவீதமும் நினைவுகூர்ந்தனர்.

மாட்டிய சொல் நழுவாதிருக்க, இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். புதிதாகப் படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் காட்டினார். இதற்கு செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன வழி அட்டைப்பெட்டி. அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. திருப்பாமலே சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அதைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறினால் மீண்டும் முதல் பெட்டி, மறுநாளே பரீட்சை.

அட்டையில் சொல்லைத் தனியாக எழுதக் கூடாது. தமிழில் மேசையும் புத்தகமும் அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ‘லா தாபிள்’, ‘லெ லீவ்ரு’ என்று முன்னால் வரும் சிறுசொல்லோடு சேர்த்து, பாலுக்கு ஒரு நிற மையில் எழுதிவிட்டால் பின்னால் தடுமாற்றமில்லை.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சில சொற்கள் இலவசம். ‘நேஷன்’, ‘அட்டென்ஷன்’ இரண்டும் எழுத்து மாறாமல் பிரெஞ்சிலும் உண்டு, உச்சரிப்புதான் வேறு. ஆனால் ‘லிப்ரெரி’யை நம்பி நூலகம் தேடினால் புத்தகக் கடைக்குத்தான் போய்ச் சேர்வோம். நூலகத்துக்கு ‘பிப்லியொதெக்’ என்று கேட்க வேண்டும்.