வான்குடையின் பலம் எங்கே?

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள சந்தவாசலிலிருந்து கிழக்கே சென்றால், பட்டுத் தறிகளுக்குப் பெயர் போன ஆரணியை அடையலாம். பட்டுச் சேலை எடுக்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் கரையைத் தொட்டுப் பாராமல் வாங்க மாட்டார்கள். கரை உறுதியாயிருந்தால் சேலை உழைக்கும் என்பது அவர்கள் சித்தாந்தம். பாராசூட் செய்யும் நிபுணர்களின் சித்தாந்தமும் ஏறக்குறைய இதுவே என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும்.

பாராசூட்டும் ஒரு காலத்தில் பட்டினால் ஆனதுதான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது நைலான் அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. துணி முழுவதையும் தடிப்பாக நெய்தால் பலம் கூடாதா? கூடும், ஆனால் பாரமும் பருமனும் கூடிவிடும். மடித்துச் சிறு பைக்குள் அடக்க இயலாது. ஆகவே, குடை விரியும் கணத்தில் விசை எவ்வழியே ஓடுகிறதோ அவ்வழியில் மட்டும் நாடா தைக்கிறார்கள். உச்சித் துவாரத்தைச் சுற்றி ஒன்று. கீழ் விளிம்பைச் சுற்றி ஒன்று. இரண்டையும் இணைத்து, குடைக் கம்பிகளைப்போல் பல. பெரும் பாரத்தை இவை ஏற்க, இடையிலுள்ள துணி காற்றைப் பிடித்து நிற்கிறது. அத்துணியிலும் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓட்டுவதுண்டு. கிழிசல் ஒரு கட்டத்தைத் தாண்டிப் பரவாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உச்சித் துவாரத்து நாடா, துணியின் விளிம்பைவிடச் சற்றுக் குட்டையாயிருக்க வேண்டும். அப்பொழுதுதான் நாடா முதலில் இறுகிப் பாரத்தை ஏற்கும். நீண்டுவிட்டாலோ, எத்தனை பலமுள்ள நாடாவும் சும்மா தொங்கும். மெல்லிய துணி கிழியும். நாடா திடீரென்று முடியும் இடமும் அபாயமே. கனத்த பகுதியும் மெல்லிய பகுதியும் சந்திக்கும் வரியில்தான் கிழிசல் பிறக்கிறது. பயந்து தையலை அளவு மீறி நெருக்கினால், ஊசித் துளைகளே துணியைப் பலவீனமாக்கும்.

இது வெறும் தொழில் நுணுக்கமன்று, உயிர்ப் பிரச்னை. ககன்யான் கலத்தில் நம் வீரர்களை இறக்குவதற்கான பாராசூட்டுகளை இஸ்ரோவும் ஆக்ராவிலுள்ள ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனமும் உருவாக்கியுள்ளன. 2022-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி, ஜான்சி ஜில்லா பபீனாவில், 5 டன் பாரத்தை 2.5 கிலோமீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பிரதான பாராசூட்டுகளில் ஒன்று விரியாமற்போனால் மற்றவை தாங்குமா என்பதே பரீட்சை. தாங்கின!

நம் தேசத்தார் கைத்திறனைக் குறித்து நாம் பெருமிதம் கொள்வது நியாயமே. அன்று இறங்கியது உயிரற்ற பாரம். மனிதரைச் சுமந்து கலம் திரும்பும் நாளில், அந்த நாடாக்களை நம்பித்தான் அவர்கள் இறங்க வேண்டும்.